டல்லாஸுக்கு மூன்று முறை டிக்கெட் போட்டுக் கற்றது: நீண்ட தூர விமானத்தின் தரத்தை வாங்கும் முன்பே பார்ப்பது எப்படி

அக்கா குடும்பம் டல்லாஸில் இருக்கிறது. அப்பா, அம்மாவுக்காகச் சென்னையிலிருந்து இதுவரை மூன்று முறை டிக்கெட் போட்டிருக்கிறேன். முதல் முறை, நிறைய விருது வாங்கிய நிறுவனம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விமானத்தில் எகானமி எடுத்தேன். அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அப்போது ஒன்பது மாதம். பதினாறு மணி நேரப் பயணத்தில் அவருக்குக் கிடைத்தது நான்கு இருக்கை வரிசையின் நடு இருக்கை. முன் இருக்கைக்கு அடியில், கால் நீட்ட வேண்டிய இடத்தில், டிவி திரைக்கான இரும்புப் பெட்டி இருந்தது. கம்பளியை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் செருகி, காலைச் சாய்வாக வைத்தபடியே போயிருக்கிறார். டல்லாஸில் இறங்கும்போது கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அக்கா போனில் அந்தக் காலைக் காட்டியபோதுதான் நான் எதையெல்லாம் பார்க்காமல் காசு கட்டினேன் என்று புரிந்தது.

இரண்டாம் முறை கூடுதல் பணம் கட்டி பிரீமியம் எகானமி எடுத்தேன். அதிலும் ஏமாற்றம்தான், அதைக் கீழே சொல்கிறேன். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. இந்த மூன்று முறையிலும் நான் கற்றது ஒன்றுதான். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. நீங்கள் போகும் தேதியில், அந்த வழியில் ஓடும் விமானத்தில், உங்கள் வகுப்பில் என்ன இருக்கை இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் சென்னை–அமெரிக்கா என்றாலும் லண்டன், டொராண்டோ போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பயணத்தை இரண்டு விமானங்களாகப் பிரித்துப் பாருங்கள்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு எப்படியும் ஒரு இடத்தில் மாற வேண்டும். துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போனால் முதல் விமானம் நான்கு முதல் ஐந்து மணி நேரம், இரண்டாவது பதினான்கு முதல் பதினாறு மணி நேரம். ஃப்ராங்ஃபர்ட் அல்லது லண்டன் வழியாகப் போனால் முதல் விமானமே பத்து மணி நேரம், அடுத்தது ஒன்பது முதல் பதினொன்று.

இதில் எது நல்லது என்பது போகிற ஆளைப் பொறுத்தது. கால் வீக்கம், மூட்டு வலி உள்ளவர்களுக்கு எகானமியில் பத்தும் பதினொன்றும்தான் மேல் என்பது என் கருத்து. நடுவில் இறங்கி நடக்கலாம், காலை நீட்டி உட்காரலாம். பிசினஸ் வகுப்பில் படுக்கையே கிடைக்கும் என்றால் பதினாறு மணி நேரம் ஒரே விமானம் என்பது வரம். ஒரு முழுத் தூக்கம் போடலாம்.

எந்த வழியானாலும், கவனம் முழுவதும் நீளமான விமானத்தின் மேல் இருக்கட்டும். நான்கு மணி நேர விமானத்தில் இருக்கை சுமாராக இருந்தால் சமாளித்துவிடலாம். இணையத்தில் வரும் விமர்சனங்களில் சில இந்தச் சின்ன விமானத்தை வைத்து எழுதியவையாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விமான நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் ஸ்கைட்ராக்ஸ் பட்டியலில் 2023இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலிடம். 2024, 2025 இரண்டிலும் கத்தார் ஏர்வேஸ். இரண்டுமே நல்ல நிறுவனங்கள்தான். ஆனால் விருது முழு நிறுவனத்துக்கும் கொடுக்கப்படுவது. கத்தாரின் புகழ்பெற்ற க்யூசூட், அதாவது கதவு வைத்த பிசினஸ் இருக்கை, அவர்களுடைய எல்லா விமானங்களிலும் கிடையாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் கதவு வைத்த புது பிசினஸ் இருக்கையும் உண்டு, பக்கத்தில் இருப்பவர் காலைத் தாண்டிப் போக வேண்டிய பழைய இருக்கையும் உண்டு. லுஃப்தான்ஸாவின் புதிய அலெக்ரிஸ் இருக்கைகள் சில விமானங்களில் மட்டுமே. ஒரே விலை கொடுத்து, ஒரே நிறுவனத்தில், வேறு வேறு தரம் கிடைக்கும்.

2. விமானத்தின் வகையைக் கண்டுபிடியுங்கள்

டிக்கெட் தேடும்போது ‘விவரங்கள்’ என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் விமான வகை தெரியும். சில தளங்களில் மூன்றெழுத்துக் குறியீடாக வரும்: 77டபிள்யூ என்றால் போயிங் 777-300ஈஆர், 789 என்றால் போயிங் 787-9, 359 என்றால் ஏர்பஸ் ஏ350-900, 388 என்றால் ஏ380, 333 என்றால் ஏ330-300.

எகானமியில் போகிறவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான தகவல். 777இல் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கை, அதாவது 3-4-3 என்று வைக்கின்றன (கோடு வரும் இடம் நடைபாதை). இருக்கை அகலம் சுமார் 17 இன்ச். 787இல் 3-3-3, அதிலும் கிட்டத்தட்ட 17 இன்ச்தான். ஏ350இல் அதே 3-3-3, ஆனால் உடல் பெரிது என்பதால் 18 இன்ச் வரும். ஏ380இலும் சுமார் 18. ஏ330இல் 2-4-2 என்பதால், இரண்டு பேராகப் போகிற தம்பதிக்கு ஜன்னல் பக்கம் ஒரு ஜோடி இருக்கை கிடைக்கும். மூன்றாவது ஆள் யாரும் இல்லை.

ஒரு இன்ச்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். 17 இன்ச்சில் பக்கத்தில் இருப்பவரின் தோள் உங்கள் மேல் படும். சாப்பிடும்போது முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பதினாறு மணி நேரமும் அப்படித்தான்.

787, ஏ350 இரண்டிலும் இன்னொரு நன்மை உண்டு. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. பழைய வகைகளில் அது 8,000 அடி வரை போகும். ஈரப்பதமும் கூடுதல். இறங்கும்போது தலைபாரமும் தொண்டை வறட்சியும் குறைவாக இருக்கும். பெரியவர்களிடம் இந்த வித்தியாசத்தை நன்றாகவே பார்க்கலாம்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பவர்கள், அமெரிக்க மேற்குக் கரைக்குப் போவதானால் ஜப்பான் ஏர்லைன்ஸின் டோக்கியோ வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் ஒன்பது இருக்கை வைக்கிற 787இல் அவர்கள் வெளிநாட்டுத் தடங்களில் எட்டுதான் வைக்கிறார்கள், 2-4-2. எகானமியில் இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம்.

3. இருக்கை வரைபடத்தை உட்கார்ந்து படியுங்கள்

விமான வகை தெரிந்ததும் ஏரோலோபா தளத்துக்குப் போய், அந்த நிறுவனத்தின் அந்த விமானத்துக்கான வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். அளவு மாறாமல் வரைந்திருப்பார்கள். நிறுவனத்தின் தளத்தில் வருகிற கட்டம் கட்டமான படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ஜன்னல் இல்லாத ஜன்னல் இருக்கை தெரியாது.

நான் பார்ப்பவை இவை:

- எகானமி பகுதியில் எத்தனை கழிவறை, எத்தனை இருக்கை. ஒவ்வொரு பகுதியிலும் எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது உணவைவிட முக்கியம்.
- கழிவறைக்கு நேர் முன்னால் உள்ள வரிசை. இரவு முழுக்க வெளிச்சமும் கதவுச் சத்தமும். கடைசி வரிசை என்றால் இருக்கை முழுதாகச் சாயாமலும் போகலாம்.
- குழந்தைத் தொட்டில் மாட்டும் வரிசை. கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் கைப்பிடி மேலே தூக்க முடியாது, பை வைக்கக் கீழே இடமில்லை, பக்கத்தில் கைக்குழந்தை இருக்கும்.
- அவசர வழி வரிசை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை வாங்க நினைக்காதீர்கள். கதவைத் திறக்க உதவக்கூடிய உடல்நிலை உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். காசு கட்டியிருந்தாலும் கடைசி நேரத்தில் மாற்றிவிடுவார்கள்.
- திரைப் பெட்டி. எந்த இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்பது பயணிகள் போட்ட படங்களில் தெரியும். அம்மாவின் காலைப் பதம் பார்த்தது இதுதான்.

வரிசைக்கு வரிசை இடைவெளி எகானமியில் பெரும்பாலும் 31 அல்லது 32 இன்ச். 30 என்று கண்டால் யோசியுங்கள்.

இருக்கையை முன்பே தேர்ந்தெடுக்கப் பணம் கேட்பார்கள். இரண்டு பேர் போய்வர நான்கு விமானம் என்றால் அது ஒரு கணிசமான தொகை. முழுதும் கட்ட மனமில்லை என்றால் நீளமான விமானத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

4. ஒவ்வொரு வகுப்பிலும் எதை அளவுகோலாக வைப்பது

எகானமிக்கு அகலம், இடைவெளி, கழிவறை. மேலே சொன்னது போதும். இதற்கு மேல் சாப்பாட்டுத் தட்டின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பிரீமியம் எகானமியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நல்ல பிரீமியம் எகானமி என்றால் தனித் தடுப்புக்குள் தனிப் பகுதி, 2-4-2 அல்லது 2-3-2 அமைப்பு, 38 இன்ச் இடைவெளி, காலுக்கும் முழங்கால் கீழ்ப்பகுதிக்கும் தாங்கி. எமிரேட்ஸில் 40 இன்ச் வரை உண்டு. சில இடங்களில் ‘கூடுதல் கால் இடம்’ உள்ள சாதாரண எகானமி இருக்கைக்கே கவர்ச்சியான பெயர் வைத்து விற்பார்கள். அகலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அது எகானமிதான்.

கத்தார், எதிஹாட் இரண்டிலும் பிரீமியம் எகானமி என்ற வகுப்பே கிடையாது. லுஃப்தான்ஸா, பிரிட்டிஷ் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கத்தே பசிஃபிக் ஆகியவற்றில் உண்டு. ஆனால் எல்லா விமானத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் இரண்டாம் பயணத்தில் நடந்தது இதுதான். டிக்கெட்டில் பிரீமியம் எகானமி என்று இருந்தது. சென்னையிலிருந்து கிளம்பும் முதல் விமானத்தில் அந்த வகுப்பே இல்லை. எகானமியில் உட்கார வைத்தார்கள். முன்பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அது எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது இரண்டாவது விமானமும் மாறியது. ஜோடியாக எடுத்த இருக்கைகள் பிரிந்து, அப்பா மூன்று வரிசை பின்னால். தகவல் முகவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, எங்களுக்கு வரவில்லை. செக்-இன் கவுன்டரில் அம்மா இரண்டு போர்டிங் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது அம்மாதான். மூன்று வரிசை தள்ளி அப்பா இருந்தால் எப்படி என்பதுதான் அவர் கவலை.

பிசினஸில் முதல் கேள்வி: இருக்கை முழுத் தட்டையாகப் படுக்கையாகுமா? ‘சாய்ந்த தட்டை’ என்று ஒன்று பழைய விமானங்களில் உண்டு. சரிந்துகொண்டே இருக்கும், தூக்கம் வராது. இரண்டாவது கேள்வி: அமைப்பு 1-2-1 ஆ? அப்படியென்றால் எல்லோருக்கும் நேரடியாக நடைபாதை உண்டு. 2-2-2, 2-3-2 என்றால் ஜன்னல் ஓரம் இருப்பவர் நடு ராத்திரியில் பக்கத்து ஆளைத் தாண்ட வேண்டும். எமிரேட்ஸின் பழைய 777களில் பிசினஸ் 2-3-2 தான். அவர்கள் படிப்படியாக 1-2-1க்கு மாற்றி வருகிறார்கள். நடு இருக்கை உள்ள பிசினஸுக்கு எகானமியைப் போல நான்கு மடங்கு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்றாவதாக, கால் நுழைக்கும் குழி. பல 1-2-1 இருக்கைகளில் கால்பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். உயரமானவர்களும், இரவில் காலை அசைக்க வேண்டியிருப்பவர்களும் தவிப்பார்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் வரிசையில் இந்தக் குழி பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அந்த வரிசையைப் பிடியுங்கள். தம்பதியாகப் போகிறவர்கள் நடுவில் உள்ள இரண்டையும் எடுக்கலாம். எல்லா நிறுவனத்திலும் அவை அருகருகே இருக்காது, சிலவற்றில் இடையில் மேசை வரும்.

முதல் வகுப்பு பல நிறுவனங்களில் நின்றேவிட்டது. நல்ல 1-2-1 பிசினஸ் கிடைத்தால் அதற்கு மேல் கொடுக்கும் பணம் இடத்துக்காகவும் மரியாதைக்காகவும்தான், தூக்கம் ஒன்றுதான். இதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை.

5. விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

சீசனைப் பொறுத்து மாறினாலும், பொதுவாகப் பிரீமியம் எகானமி எகானமியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, பிசினஸ் மூன்று முதல் ஐந்து மடங்கு. மே, ஜூன், டிசம்பரில் எல்லாமே எகிறும். பெற்றோர் என்றால் பள்ளி விடுமுறையோடு கட்டிப்போட வேண்டியதில்லை. பிப்ரவரி, செப்டம்பர் பாருங்கள்.

வரியைக் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மற்ற எல்லா வகுப்புக்கும் 18 சதவீதம். பிரீமியம் எகானமியும் அந்த 18க்குள்தான் வருகிறது. அடிப்படைக் கட்டணம் 90,000 ரூபாய் எகானமி என்றால் வரி 4,500. அதுவே 1,50,000 ரூபாய் பிரீமியம் என்றால் 27,000. வித்தியாசம் 60,000 என்று நினைத்துப் போனால் கடைசிப் பக்கத்தில் 82,500 ஆகியிருக்கும்.

ஒரே வகுப்புக்குள்ளேயே மூன்று நான்கு விலை இருக்கும். மலிவான விலையில் எது இல்லை என்று பாருங்கள்: பெட்டி எத்தனை, தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும். இந்தியா–அமெரிக்கா எகானமியில் 23 கிலோ பெட்டி இரண்டு என்பது வழக்கம். ஆனால் மலிவு விலையில் ஒன்றுதான் தருகிறவர்களும் உண்டு. சில நிறுவனங்களின் மிக மலிவான பிசினஸில் லவுஞ்ச் கிடையாது, இருக்கை தேர்வுக்குத் தனிக் காசு.

இன்னொரு பொறி, கலப்பு வகுப்பு. ‘பிசினஸ்’ என்று தேடினால் நம்ப முடியாத மலிவில் ஒன்று வரும். திறந்து பார்த்தால் நான்கு மணி நேர விமானம் பிசினஸ், பதினாறு மணி நேர விமானம் எகானமி. ஒவ்வொரு விமானத்துக்கும் நேரே வகுப்பு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.

அமெரிக்கா போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் டிக்கெட்டை நிறுவனத்திடமே நேரடியாக, பயணத்துக்கு ஏழு நாளைக்கு முன்பே வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யவோ, அல்லது பணம் கட்டாமல் அந்த விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்கவோ வழி தர வேண்டும் என்பது அமெரிக்க விதி. உங்கள் நிறுவனம் இதில் எதைத் தருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்து உண்டு என்றால், அந்த 24 மணி நேரத்தை மேலே 2, 3இல் சொன்னவற்றை நிதானமாகச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். முகவரிடமோ பயணத் தளத்திலோ வாங்கினால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

6. யார் டிக்கெட், யார் விமானம்

டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ‘இயக்குபவர்’ என்ற இடத்தில் வேறு பெயர் இருக்கும். நீங்கள் உட்காரப்போவது இயக்குபவரின் விமானத்தில். தரம் பார்ப்பதெல்லாம் அந்தப் பெயரை வைத்துத்தான்.

இ-டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: 176 எமிரேட்ஸ், 157 கத்தார், 220 லுஃப்தான்ஸா, 618 சிங்கப்பூர், 607 எதிஹாட், 098 ஏர் இந்தியா. மாற்றம், பணம் திரும்பப் பெறுதல் எல்லாவற்றுக்கும் பிடி அங்கேதான்.

முகவரிடம் வாங்கினால் அவருடைய பிஎன்ஆர் ஒன்று, விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து உங்கள் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் நீங்களே பதியுங்கள். இதைச் செய்திருந்தால் அப்பா இருக்கை மாறியது எனக்கு ஐந்து நாளைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடவும் வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்பார்கள்.

7. பெயர், பாஸ்போர்ட், இடைவழி விசா

நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், டிக்கெட் படிவம் அதை ஏற்காது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு முறை: சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்பச் சொல்வார்கள். அமெரிக்க விசாவிலும் அப்படித்தான் ‘எஃப்என்யூ’ வந்திருக்கும். வாங்கும் முன் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்தோ சுருக்கியோ போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே. துபாயில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று திட்டம் இருந்தால் இன்னும் கவனம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் காலம் மீதி இருக்கட்டும். அமெரிக்க விசா செல்லுபடியாக இருக்கும்வரை லண்டன், ஃப்ராங்ஃபர்ட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குப் பெரும்பாலும் தனி விசா தேவைப்படாது. விசா முத்திரை காலாவதியாகி அமெரிக்காவில் தங்கியிருப்பவர்கள் திரும்பி வரும்போது நிலைமை வேறு. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் வாங்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ உள்நாட்டுப் பயணி போல இறங்கி வெளியே வரலாம். பெரியவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் அங்கே வரிசை நீளும். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கும் டிக்கெட்டாகப் பாருங்கள். மற்ற வழிகளில், பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். தனியாகப் போகும் பெற்றோருக்கு, அமெரிக்காவில் இறங்கும் முதல் ஊரே கடைசி ஊராக இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் கொடுக்கலாம்.

8. சக்கர நாற்காலியும் சாப்பாடும்

சக்கர நாற்காலி உதவி இலவசம். டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். மூன்று குறியீடு உண்டு: டபிள்யூசிஹெச்ஆர் என்றால் படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது; டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது; டபிள்யூசிஹெச்சி என்றால் இருக்கை வரைக்கும் கொண்டு போக வேண்டும். உண்மையைச் சொல்லி சரியானதைப் போடுங்கள். எல்லா விமானத்துக்கும், போகவும் வரவும், பதிவாகியிருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போவது சகஜம்.

ஒரு நிறுவனத்தின் தரம் எனக்குத் தெரிந்தவரை இங்கேதான் வெளிப்படுகிறது. இடைவழி விமான நிலையத்தில் நாற்காலி வாசலிலேயே நிற்கிறதா, காத்திருக்கும் அறையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்களா, கழிவறைக்குக் கூட்டிப் போகிறார்களா? பெற்றோரை அனுப்பிய நண்பர்களிடம் இதைக் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் போட்டால் மேற்கத்திய சைவம் வரும், விஎல்எம்எல் என்ற குறியீட்டில் முட்டை இருக்கலாம். நம் வகைச் சோறு, குழம்பு வேண்டுமென்றால் ஏவிஎம்எல். ஜைன உணவு விஜேஎம்எல், சர்க்கரை நோய்க்கு டிபிஎம்எல். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன், முடிந்தால் இரண்டு நாளைக்கு முன். விமானம் மாற்றப்பட்டால் இந்தக் கோரிக்கை அழிந்துபோவது உண்டு, மறுபடி பாருங்கள்.

9. நேரம் தவறாமையையும் விமர்சனங்களையும் சோதியுங்கள்

ஃப்ளைட்ராடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஏழு நாள் விவரம் இலவசமாகக் கிடைக்கும்: எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வகை விமானம் ஓடியது. ஒரு மாதம் வாரம் ஒருமுறை பாருங்கள். அட்டவணையில் ஒரு விமானமும் நிஜத்தில் வேறொன்றும் ஓடினால் இங்கேயே தெரிந்துவிடும். முதல் விமானம் அடிக்கடி நாற்பது நிமிடம் தாமதம் என்றால், இடைவெளி ஒன்றேகால் மணி நேரமுள்ள டிக்கெட்டைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் கணக்குப்படி அது போதுமான இடைவெளியாக இருக்கலாம். சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் போதாது. எனக்குத் திருப்தி தருவது மூன்று மணி நேரம்.

விமர்சனம் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள்: அதே தடமா, அதே விமான வகையா, கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியதா. மூன்றும் பொருந்தினால்தான் படியுங்கள்.

10. வாங்கிய பிறகு

வாங்கிய மறுநாள், கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வாரம் இருக்கும்போது, மூன்று நாள் இருக்கும்போது: நான்கு முறை முன்பதிவைத் திறந்து விமான வகை, இருக்கை எண், உணவு, சக்கர நாற்காலி நான்கையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மூன்றாம் பயணத்தில் ஒரு மாதம் முன்னால் பார்த்தபோதே இருக்கை மாறியிருந்தது தெரிந்து, போனில் பேசி ஜன்னல் பக்க ஜோடியைத் திரும்ப வாங்கினேன். இரண்டு விமானத்திலும் பிரீமியம் எகானமி உள்ள ஐரோப்பிய வழி அது. அம்மா செருப்போடு இறங்கினார்.

மேல் வகுப்புக்கு மாற எவ்வளவு தருவீர்கள் என்று ஏலம் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் வரும். நீளமான விமானத்துக்கு மட்டும், அதுவும் 2, 4இல் சொன்ன அமைப்பைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வாங்கிய வகுப்பைவிடக் கீழே உட்கார வைத்தால் பேசாமல் வராதீர்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2023 விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் வரியோடு திரும்பத் தர வேண்டும். ஐரோப்பிய விதியிலும் இதே சதவீதங்கள்தான். ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து எந்த நிறுவனத்தில் கிளம்பினாலும், அல்லது ஐரோப்பிய நிறுவனத்தில் அங்கே போனாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நீண்ட தாமதத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். வானிலை போன்ற காரணங்களுக்குக் கிடைக்காது. இந்தியாவில் தீராத புகாரை அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள கவுன்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு ஏழு நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உச்ச வரம்பு ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 டாலர். பெட்டிகளை மூடும் முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து, பெட்டி ஒட்டுச்சீட்டின் எண்ணையும் எடுத்து, அந்தப் படங்களை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் பாதுகாப்புச் சோதனைக்குப் போகச் சொல்லுங்கள்.